சம்பளக்காரராக இருந்து சொந்தக் கம்பெனிக்கு: கேரி லினேக்கரின் மூன்று வாழ்க்கைகள்

2023 மார்ச் 11, சனிக்கிழமை இரவு. பிபிசியில் 1964 முதல் ஓடிக்கொண்டிருக்கும் 'மேட்ச் ஆஃப் தி டே' என்ற கால்பந்து ஹைலைட்ஸ் நிகழ்ச்சி தொடங்கியது. பிரிட்டனில் கால்பந்து பார்க்காதவர்களுக்கும் தெரிந்த அதன் தொடக்க இசை அன்று ஒலிக்கவில்லை. தொகுப்பாளர் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தை அலசும் முன்னாள் வீரர்கள் இல்லை. வர்ணனைக் குரல்கூட இல்லை. கோல், மைதானத்துக் கூச்சல், அடுத்த ஆட்டம், மறுபடி கூச்சல். வழக்கமாக ஒரு மணி நேரத்தைத் தாண்டும் நிகழ்ச்சி 20 நிமிடத்தில் முடிந்துவிட்டது.

நடந்தது இதுதான். சிறு படகுகளில் வரும் அகதிகள் தொடர்பாக பிரிட்டன் அரசு கொண்டுவந்த மசோதாவை நிகழ்ச்சியின் தொகுப்பாளர் கேரி லினேக்கர் ட்விட்டரில் கண்டித்தார். அரசு பேசும் மொழி 1930-களின் ஜெர்மனியை நினைவூட்டுகிறது என்ற பொருளில் எழுதினார். ஆளுங்கட்சியினர் கொதித்தார்கள். நடுநிலை விதியைக் காட்டி பிபிசி அவரை நிகழ்ச்சியிலிருந்து விலகி இருக்கச் சொன்னது. உடனே அதில் ஆட்டத்தை அலசும் முன்னாள் வீரர்கள் இயன் ரைட், ஆலன் ஷியரர் இருவரும் அவர் இல்லாமல் நாங்களும் வரமாட்டோம் என்றார்கள். அப்புறம் வர்ணனையாளர்களும் ஒதுங்கினார்கள். அந்த வார இறுதியில் பிபிசியின் வேறு கால்பந்து நிகழ்ச்சிகளும் நின்றுபோயின. திங்கட்கிழமை பிபிசி இறங்கி வந்தது, லினேக்கர் திரும்பினார்.

ஒரு விளையாட்டுத் தொகுப்பாளரால் இது எப்படி முடிந்தது? அவருடைய புகழைக் காரணமாகச் சொல்வது எளிது. ஆனால் புகழ்பெற்ற எத்தனையோ பேரை டிவி நிறுவனங்கள் சத்தமில்லாமல் ஓரங்கட்டியிருக்கின்றன. லினேக்கரின் நிலை வேறு. பிபிசியிலேயே அதிகம் சம்பாதித்தவர் அவர், ஆனால் பிபிசியின் ஊழியர் அல்ல. ஒப்பந்தத்தில் வேலை செய்த ஃப்ரீலான்சர். கூடவே வேறு கம்பெனிகளுக்கு விளம்பரம், இன்னொரு சேனலில் நிகழ்ச்சி, சொந்தமாக ஒரு தயாரிப்பு நிறுவனம் என்று பல வேலைகள் இருந்தன. யாரிடம் வேலை செய்தாலும் யாருக்கும் முழுதாகச் சொந்தமாகிவிடாமல் இருப்பது என்ற அந்த ஏற்பாடுதான் அவரை வளர்த்தது. அவருக்கு வந்த பெரிய சிக்கல்கள் எல்லாம் அங்கிருந்துதான் வந்தன.

லினேக்கர் 1960 நவம்பர் 30 அன்று லெஸ்டர் நகரத்தில் பிறந்தார். குடும்பத்துக்கு லெஸ்டர் சந்தையில் பழம், காய்கறிக் கடை. சிறு வயதில் அந்தக் கடையில் அவரும் வேலை பார்த்திருக்கிறார். உள்ளூர் அணியான லெஸ்டர் சிட்டிக்கு 1979 புத்தாண்டு தினத்தில் முதல் ஆட்டம். அங்கிருந்து 1985-ல் 8 லட்சம் பவுண்டுக்கு எவர்ட்டன். ஒரே சீசன்தான், எல்லாப் போட்டிகளும் சேர்த்து 40 கோல். எவர்ட்டன் லீகிலும் எஃப்ஏ கோப்பையிலும் இரண்டாவதாக வந்தது. இரண்டிலும் முந்தியது பக்கத்து லிவர்பூல் அணி.

அவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்று பார்க்க 1986 ஜூன் 11 அன்று மெக்ஸிகோவின் மான்டெர்ரேயில் நடந்த ஆட்டத்தைப் பார்த்தால் போதும். உலகக் கோப்பையில் இங்கிலாந்து முதல் ஆட்டத்தில் போர்ச்சுகலிடம் தோற்று, இரண்டாவதில் மொராக்கோவோடு கோலே இல்லாமல் டிரா செய்திருந்தது. கேப்டன் பிரயன் ராப்சனுக்கு தோளில் காயம், ரே வில்கின்ஸுக்கு சிவப்பு அட்டையால் தடை. போலந்தை வென்றே ஆக வேண்டும். லினேக்கரின் மணிக்கட்டில் கட்டு. 9-வது நிமிடம், வலப்பக்கத்திலிருந்து கேரி ஸ்டீவன்ஸ் பந்தைத் தள்ளுகிறார், தடுப்பாளருக்கு முன்னால் நுழைந்து லினேக்கர் கோல் அடிக்கிறார். 14-வது நிமிடம், இடப்பக்கத்திலிருந்து ஸ்டீவ் ஹாட்ஜ் தூக்கிப்போட்ட பந்து, மறுபடி லினேக்கர். 34-வது நிமிடம், கார்னரில் வந்த பந்தை போலந்து கோல்கீப்பர் கைநழுவ விடுகிறார், அங்கேயும் லினேக்கர் நிற்கிறார். மூன்று கோலும் கோல் கம்பத்துக்கு மிக அருகில் இருந்து. நீண்ட தூர ஷாட் இல்லை, நான்கு பேரைக் கடந்து போகும் வித்தை இல்லை.

அதிர்ஷ்டக்காரர் என்று சொன்னவர்கள் உண்டு. அந்த மூன்றாவது கோலைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. கோல்கீப்பர் பந்தை விடுவார் என்று யாருக்கும் தெரியாது. விட்டால் எங்கே விழும் என்று யோசித்து அந்த இடத்துக்கு முன்கூட்டியே போய்விடுவதுதான் அவர் தொழில். பத்து முறை ஓடினால் ஒன்பது முறை பந்து வராது. அதற்காகப் பத்தாவது முறை ஓடாமல் இருக்கக்கூடாது. அந்த உலகக் கோப்பையில் 6 கோல் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட் வாங்கினார். அந்த விருதை வாங்கிய முதல் இங்கிலாந்து வீரர்.

உடனே பார்சிலோனா, 28 லட்சம் பவுண்டு. அங்கே அவர் கோல் அடித்ததைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, ஸ்பானிஷ் கற்றுக்கொண்டது. வெளிநாடு போன பல பிரிட்டிஷ் வீரர்கள் அந்த ஊர்ப் பேச்சு காதில் விழாமலேயே ஆடிவிட்டுத் திரும்பிய காலம் அது. 1987 ஜனவரியில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக 3-2 என்று வென்ற ஆட்டத்தில் மூன்றும் அவர் அடித்த கோல். பார்சிலோனா ரசிகர்கள் அதை மறக்கமாட்டார்கள். ஆனால் யோஹன் கிராய்ஃப் பயிற்சியாளராக வந்ததும் அவரை நடுவிலிருந்து எடுத்து வலது ஓரத்தில் நிறுத்தினார். கோல் அடிக்கவே பிறந்தவருக்கு அது வனவாசம். 1989-ல் ஐரோப்பியக் கோப்பை வென்றவர்களுக்கான கோப்பையை அணியோடு வென்றுவிட்டு டாட்டன்ஹாமுக்குத் திரும்பினார். 1991-ல் அங்கே எஃப்ஏ கோப்பையும் கிடைத்தது, இறுதி ஆட்டத்தில் அவர் அடித்த பெனால்டியை கோல்கீப்பர் தடுத்தும்கூட.

இங்கிலாந்துக்காக 80 ஆட்டம், 48 கோல். அப்போதைய சாதனையான பாபி சார்ல்டனின் 49-க்கு ஒன்று குறைவு. 1992-ல் வெம்பிளியில் பிரேசிலுக்கு எதிராக ஒரு பெனால்டி கிடைத்தது. கோல்கீப்பர் பாய்வார் என்று நம்பி மெதுவாகத் தட்டினார், பந்து நேராகக் கைக்கே போனது. அடித்திருந்தால் சாதனை சமன். சில வாரம் கழித்து யூரோ போட்டியில் ஸ்வீடனுக்கு எதிராக கோல் தேவைப்பட்ட நேரத்தில் பயிற்சியாளர் கிரஹாம் டெய்லர் அவரை வெளியே கூப்பிட்டுவிட்டார். இங்கிலாந்து சட்டையில் அதுவே கடைசி. அதன்பின் ஜப்பானில் புதிதாகத் தொடங்கிய ஜே லீகில் நகோயா கிராம்பஸ் எய்ட். கால் விரல் காயத்தால் இரண்டு சீசனில் 18 லீக் ஆட்டமே ஆட முடிந்தது. 1994-ல் ஓய்வு.

தொழில்முறை வாழ்க்கை முழுவதிலும் அவர் ஒரு மஞ்சள் அட்டைகூட வாங்கியதில்லை. ஃபிஃபாவின் நேர்மை ஆட்ட விருது 1990-ல் அவருக்குக் கிடைத்தது. நல்ல பிள்ளை என்ற அந்தப் பெயர்தான் அவருடைய அடுத்த வாழ்க்கைக்கு முதல் முதலீடாக ஆனது.

வாக்கர்ஸ் என்பது லெஸ்டரில் பிறந்த உருளைக்கிழங்கு சிப்ஸ் கம்பெனி. 1995-ல் வந்த அவர்களுடைய விளம்பரத்தில், ஜப்பானிலிருந்து சொந்த ஊர் திரும்பும் லினேக்கரை ஊரே வாழ்த்துகிறது. பூங்கா பெஞ்சில் ஒரு சின்னப் பையன் அவருக்கு சிப்ஸ் நீட்டுகிறான். லினேக்கர் பாக்கெட்டையே பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறார். மஞ்சள் அட்டையே வாங்காத மனிதர் குழந்தையிடம் திருடுகிறார், விளம்பரத்தின் மொத்தக் கதையும் அவ்வளவுதான். அந்தத் தொடர்பு பல வருஷம் நீடித்தது, அவர் பெயரை வைத்தே ஒரு சுவையும் சந்தைக்கு வந்தது. குழந்தைகளிடம் நொறுக்குத்தீனியை விற்க ஒரு விளையாட்டு வீரர் முகம் கொடுக்கலாமா என்று உடல்நல அமைப்புகள் கேட்டன. நியாயமான கேள்விதான். விளம்பரத்தில் வந்த வருமானம் அவரைப் பிபிசியை மட்டும் நம்பியிருக்காதவராக மாற்றியது, அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

டிவியில் அவருக்கு முதல் நாளே சிம்மாசனம் கிடைக்கவில்லை. முதலில் பிபிசியின் ஃபைவ் லைவ் வானொலியில் வேலை, அப்புறம் சனிக்கிழமை மதிய நிகழ்ச்சியான 'ஃபுட்பால் ஃபோகஸ்'. கூடவே 1995 முதல் ஒரு விளையாட்டு வினாடி வினா காமெடி நிகழ்ச்சியில் அணித் தலைவர், எதிரணிக்கு கிரிக்கெட் வீரர் டேவிட் கவர். ஆரம்பத்தில் கேமரா முன்னால் விறைப்பாகத்தான் இருந்தார், ஒரே தொனியில் பேசுகிறார் என்று பத்திரிகைகள் எழுதின. முன்னாள் வீரர்களில் பெரும்பாலோர் விமர்சகர் நாற்காலியோடு நின்றுவிடுவார்கள். கேள்விக்குப் பதில் சொன்னால் போதும், சொந்த அனுபவமே கை கொடுக்கும். தொகுப்பாளர் வேலை வேறு சாதி. காதில் இயக்குநரின் குரல் விநாடிகளை எண்ணிக்கொண்டே இருக்கும், அதைக் கேட்டபடியே எதிரில் இருப்பவர் பேசுவதையும் கவனிக்க வேண்டும், சரியான இடத்தில் வெட்டி அடுத்த காட்சிக்குப் போக வேண்டும். தனக்குத் தெரிந்ததைச் சொல்லும் ஆசையை அடக்கி, அடுத்தவரைப் பேசவைக்க வேண்டும். 48 கோல் அடித்தவருக்கு அந்த அடக்கம் எளிதில் வராது. அவருக்கு வந்தது.

1999-ல், அதுவரை நடத்திவந்த டெஸ் லைனம் போட்டிச் சேனலான ஐடிவிக்குப் போனதும் 'மேட்ச் ஆஃப் தி டே' லினேக்கரிடம் வந்தது. இரண்டே வருஷத்தில் பிரீமியர் லீக் ஹைலைட்ஸ் உரிமை பிபிசியை விட்டுப் போனது, 2004-ல்தான் திரும்பியது. இடையில் எஃப்ஏ கோப்பை, சர்வதேச ஆட்டங்கள் என்று ஓட்டினார். நிகழ்ச்சி 2011-ல் மான்செஸ்டர் பக்கத்து சால்ஃபர்டுக்கு இடம் மாறியது. அங்கே சனிக்கிழமைகளில் ஒரு அறையில் வரிசையாகத் திரைகள், எல்லா ஆட்டமும் ஒரே நேரத்தில் ஓடும். தொகுப்பாளரும் விமர்சகர்களும் மதியத்திலிருந்து அங்கேயே உட்கார்ந்து பார்ப்பார்கள். எந்தத் தடுப்பாளர் எங்கே தூங்கினார் என்று விமர்சகர் சொல்ல, எடிட்டிங் ஆட்கள் அந்தத் துண்டை வெட்டி எடுப்பார்கள். தான் பேசும் வரிகளை லினேக்கர் தானே எழுதுவார், நிகழ்ச்சியை ஒரு சிலேடையோடு முடிப்பது அவர் பாணி. இரவு பத்தரை மணி வாக்கில் ஒளிபரப்பு. வீட்டில் பார்ப்பவருக்கு நாலு நண்பர்கள் சும்மா பேசுவது போல இருக்கும், பின்னால் பத்து மணி நேர வேலை.

2015 டிசம்பரில், லெஸ்டர் லீகை வென்றால் அடுத்த சீசனின் முதல் நிகழ்ச்சியை உள்ளாடையோடு நடத்துவேன் என்று ட்விட்டரில் எழுதினார். சீசன் தொடக்கத்தில் லெஸ்டர் வெல்ல பந்தயக்காரர்கள் 5000-க்கு 1 கொடுத்திருந்தார்கள். லெஸ்டர் வென்றது. 2016 ஆகஸ்ட் 13 அன்று அவர் சொன்னபடியே வந்து நின்றார்.

அந்த லெஸ்டர் அணி அதுவரை பிழைத்திருந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. 2002-ல் அணி பிரீமியர் லீகிலிருந்து கீழே இறங்கியது, புது மைதானம் கட்டிய கடன் கழுத்தை நெரித்தது, கீழ்ப்பிரிவு ஆட்டங்களைக் காட்டும் உரிமையை வாங்கியிருந்த ஐடிவி டிஜிட்டல் திவாலானதில் வரவேண்டிய பணமும் போனது. அக்டோபரில் அணி திவால் நிர்வாகத்துக்குள் போனபோது, முதலீட்டாளர்களைத் திரட்டும் குழுவை லினேக்கர் முன்னின்று நடத்தினார், தன் பணத்தையும் போட்டார். அணி பிழைத்தது, அதே சீசனில் மேலே ஏறியும் விட்டது. மற்ற அணிகள் கோபப்பட்டதிலும் அர்த்தம் இருந்தது. கடனைக் கழித்துவிட்டு ஒரு அணி எப்படி மேல் பிரிவுக்கு ஏறலாம் என்று கேட்டார்கள். அப்புறம்தான் திவால் நிர்வாகத்துக்குப் போகும் அணிக்கு 10 புள்ளி குறைக்கும் விதி வந்தது.

சரி, அந்த ஃப்ரீலான்சர் விஷயத்துக்கு வருவோம். பிபிசி மக்கள் கட்டும் உரிமக் கட்டணத்தில் ஓடுகிறது. 2023-ல் ஒரு வீட்டுக்கு வருஷம் 159 பவுண்டு. 2017-ல் அரசு கட்டாயப்படுத்தியதால் பிபிசி முதல் முறையாக நட்சத்திரங்களின் சம்பளத்தை வெளியிட்டது. லினேக்கருக்கு 17.5 லட்சம் பவுண்டுக்கு மேல். என் காசில் இவருக்கு இவ்வளவா என்று கேட்பவர்களுக்கு, அவர் வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தொகை ஆயுதமானது. 2020-ல் ஏறக்குறைய கால் பங்கு குறைத்துக்கொண்டு, 13.5 லட்சம் வாக்கில் புது ஒப்பந்தம் போட்டார். அதே காலத்தில் பிடி ஸ்போர்ட் சேனலில் சாம்பியன்ஸ் லீக் தொகுப்பும் செய்துகொண்டிருந்தார். ஊழியர் என்றால் இது நடக்குமா?

வரித்துறையும் அதையேதான் கேட்டது, ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து. நீங்கள் நடைமுறையில் ஊழியர்தான், 2013 முதல் 2018 வரையிலான வருமானத்துக்கு 49 லட்சம் பவுண்டு பாக்கி என்றது. அவர் பணம் வாங்கியது முன்னாள் மனைவியோடு சேர்ந்து நடத்திய ஒரு கூட்டு நிறுவனம் வழியாக. தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் லினேக்கர் பக்கம் தீர்ப்பளித்தது. கூட்டு நிறுவனத்தின் பெயரில் இருந்தாலும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது கூட்டாளியான லினேக்கரே, ஆகவே சேனல்களோடு அவருக்கு நேரடி ஒப்பந்தம் இருக்கிறது, இடைத்தரகு நிறுவனம் வழியாகப் பணம் வாங்குபவரை ஊழியராகக் கருதும் சட்டப்பிரிவு இங்கே பொருந்தாது என்பது அதன் சாரம். ட்வீட் விவகாரம் வெடித்த அதே மாதம் இது. ஒரு அரசு அமைப்பு அவரை ஊழியர் என்கிறது, இன்னொரு பக்கம் ஊழியர் இல்லாதவருக்கு ஊழியரின் நாக்குக் கட்டுப்பாடு எவ்வளவு என்று பிபிசிக்கே தெரியவில்லை. செய்தி வாசிப்பவர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கோல் ஹைலைட்ஸ் வழங்குபவர் தன் நேரத்தில் அகதிகளுக்காகப் பேசக்கூடாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2022-ல் கத்தார் உலகக் கோப்பையை பிபிசி தொடங்கியபோது, அங்கே வேலை செய்த வெளிநாட்டுத் தொழிலாளர்களின் நிலை பற்றி அதே பிபிசி திரையில் அவர் பேசினார். அது பிபிசி அனுமதித்த அரசியல். தடை வந்தது சொந்த நாட்டு அரசைத் தொட்டபோதுதான்.

இதற்கெல்லாம் நடுவில் அவர் இன்னொரு இடத்துக்கு ஓடிப் போய் நின்றிருந்தார். 2014-ல் ஐடிவியின் விளையாட்டுப் பிரிவுத் தலைவராக இருந்த டோனி பாஸ்டரோடு சேர்ந்து கோல்ஹேங்கர் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். முதலில் விளையாட்டு ஆவணப்படங்கள். 2019-ல் இரண்டாம் உலகப் போர் பற்றி ஒரு பாட்காஸ்ட், காமெடியன் அல் மர்ரேயும் வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஹாலண்டும் பேசினார்கள். 2020-ல் டாம் ஹாலண்ட், டொமினிக் சாண்ட்புரூக் இருவரின் 'தி ரெஸ்ட் இஸ் ஹிஸ்டரி'. 2022-ல் அலஸ்டர் கேம்பெல், ரோரி ஸ்டூவர்ட் இருவரின் 'தி ரெஸ்ட் இஸ் பாலிடிக்ஸ்', ஒருவர் லேபர் முகாம், மற்றவர் கன்சர்வேடிவ் அமைச்சராக இருந்தவர். விஷயம் தெரிந்த இரண்டு பேர், இரண்டு மைக், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை. எடிட்டிங் குறைவு, செலவு குறைவு. வருமானம் விளம்பரத்திலிருந்தும், சந்தா கட்டும் ரசிகர்களிடமிருந்தும், அரங்க நிகழ்ச்சிகளிலிருந்தும் வருகிறது. வரலாறு பேசும் இருவர் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலை நிரப்பும் அளவுக்குப் போனது.

இதில் கவனிக்க வேண்டியது, கம்பெனியை வளர்த்த நிகழ்ச்சிகளில் லினேக்கரின் குரல் இல்லை. முன்னாள் வீரர்கள் தொழில் தொடங்கினால் தங்கள் பெயரையே சரக்காக்குவார்கள். சட்டை, உணவகம், ஜிம் என்று போகும், பெயர் மங்கினால் கடையும் மங்கும். இவர் அடுத்தவர் பேச்சில் முதலீடு செய்தார். டிவியில் அடுத்தவரைப் பேசவைத்துப் பழகியவருக்கு அது இயல்பாகவே வந்திருக்கும் என்று நினைக்கிறேன். தன் குரலோடு ஷியரர், மைக்கா ரிச்சர்ட்ஸ் சேர்ந்த 'தி ரெஸ்ட் இஸ் ஃபுட்பால்' 2023-ல்தான் வந்தது.

2024 நவம்பரில், சீசன் முடிந்ததும் 'மேட்ச் ஆஃப் தி டே'யிலிருந்து விலகுவதாக அறிவித்தார். 2026 உலகக் கோப்பை வரை பிபிசியில் வேறு வேலைகள் இருப்பதாக ஏற்பாடு. அது நடக்கவில்லை. 2025 மே மாதம் சியோனிசம் பற்றிய ஒரு பதிவை இன்ஸ்டாகிராமில் பகிர்ந்தார், அதில் எலிப் படம் இருந்தது. யூதர்களை எலியாகக் காட்டியது நாஜிப் பிரச்சாரம். படத்தைக் கவனிக்கவில்லை என்று சொல்லி, பதிவை எடுத்துவிட்டு, நிபந்தனையில்லாமல் மன்னிப்புக் கேட்டார். கேட்க வேண்டிய மன்னிப்புதான் அது. லட்சக்கணக்கானோர் பின்தொடரும் கணக்கை வைத்திருப்பவர் படத்தைப் பார்க்காமல் பகிர்வதை ஆதரவாளர்களாலும் நியாயப்படுத்த முடியவில்லை. மே 25-ம் தேதி கடைசி நிகழ்ச்சியை முடித்து பிபிசியை விட்டே வெளியேறினார். அந்த நாற்காலியை இப்போது மார்க் சாப்மன், கெல்லி கேட்ஸ், கேபி லோகன் மூவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். செப்டம்பரில் நேஷனல் டெலிவிஷன் விருதுகளில், மக்கள் வாக்களித்த சிறந்த தொகுப்பாளர் விருது லினேக்கருக்குக் கிடைத்தது. தொகுப்பாளர்கள் ஆன்ட், டெக் ஜோடி இருபது வருஷத்துக்கு மேலாக விடாமல் வாங்கிவந்த விருது அது.

டிவி கால்பந்தில் அதிகச் செலவு ஒளிபரப்பு உரிமைக்குத்தான். பல நூறு கோடி பவுண்டு கொடுப்பவருக்கே ஆட்டத்தைக் காட்டும் அனுமதி. ஆட்டத்தைப் பற்றிப் பேச யாருடைய அனுமதியும் வேண்டாம். கோல்ஹேங்கரின் கணக்கு இந்த இடைவெளியில்தான் நிற்கிறது. 2026 உலகக் கோப்பையின்போது நியூயார்க்கிலிருந்து தினமும் 'தி ரெஸ்ட் இஸ் ஃபுட்பால்' நடத்த நெட்ஃப்ளிக்ஸோடு ஒப்பந்தம் போட்டது அந்தக் கணக்கின்படிதான். பிரிட்டனில் ஆட்டங்களைக் காட்டும் உரிமை பிபிசியிடமும் ஐடிவியிடமும். லினேக்கரின் நிகழ்ச்சியில் இருப்பது மூன்று முன்னாள் வீரர்களும் அவர்கள் பேச்சும். அதன் முதலாளிகளில் ஒருவர் அந்த மூவரில் ஒருவர்.